நாற்காலிக் கையை சிஎன்சிக்கு மாடல் செய்வது: மென்பொருளுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கதவு, கட்டில் தலைப்பலகை என்று மூன்று அச்சு ரவுட்டரில், அதாவது கணினி சொல்கிறபடி நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசையில் நகர்ந்து மரம் வெட்டும் சிஎன்சி இயந்திரத்தில், உங்களுக்கு ரிலீஃப் (பலகையில் எழுந்து நிற்கும் செதுக்கல்) வேலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு வாடிக்கையாளர் தேக்கில் எட்டு நாற்காலி கேட்கிறார். கையும் காலும் எல்லாப் பக்கமும் உருண்டு வளைந்து, பிடித்தால் கையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்கிறார், படமும் அனுப்பியிருக்கிறார். இதை ரிலீஃப் வரையும் ஆர்ட்கேம் மென்பொருளிலேயே செய்யலாமா, முழு உருவம் வரையும் ஃப்யூஷனோ ரைனோவோ கற்றுக்கொள்ள வேண்டுமா, இல்லை படத்தைக் கொடுத்தால் 3டி ஆக்கித் தரும் ஏஐ தளம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "கையின் அடிப்பக்கத்தில்தான் காலின் கழுந்து வந்து சேர்கிறது, அதையும் குடைந்து மேலேயும் உருட்டுவது எப்படி என்றே புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். (கழுந்து என்பது துளைக்குள் இறங்கிப் பூட்டும் முனை.) மென்பொருள் எது என்பது அதற்குப் பிறகு தானாக வந்துவிடும்.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூரில் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் (உலோகம் வார்க்க அச்செடுக்கும் மாதிரி) செய்யும் பட்டறையில் தொழில் கற்றவன். அப்புறம்தான் ஃபர்னிச்சருக்கும் சிஎன்சிக்கும் வந்தேன். மூன்று அச்சு, மரத்தைச் சுழற்றி வெட்டும் ரோட்டரி இரண்டிலும் பல வருடமாக வேலை செய்கிறேன். ஐந்து அச்சு இயந்திரத்தில் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதைத் தொடப்போவதில்லை. அளவுக் கணக்கு, மரம் அசைவது, பிட் (சுழன்று வெட்டும் கருவி) எட்டுவது எட்டாதது, இதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உப்புத்தாளுக்கு எவ்வளவு விட வேண்டும், எந்தத் திசையில் ஓட்டினால் நார் பிய்யாது என்பதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை, மரத்துக்கு மரம் மாறும். அவை வரும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆர்ட்கேமை முதலில் முடித்துவிடுவோம். ரிலீஃப் என்பது உள்ளுக்குள் ஒரு உயரக் கணக்கு. பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு உயரம். பூ, கொடி, சாமி உருவம் எல்லாவற்றுக்கும் அது போதும், ஏனென்றால் அவை பலகையிலிருந்து எழுந்து நிற்கின்றனவே தவிர உள்நோக்கி மடிவதில்லை. நாற்காலிக் கையோ மேலிருந்து உருண்டு பக்கத்துக்கு வந்து, அடியில் மடிந்து உள்ளே போகிறது. மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு ரிலீஃபாகப் பிரித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள், முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் விளிம்புக்கு வரும்போது கணக்கு உதைக்கும். 0.1 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பக்கம் 80 டிகிரி செங்குத்தாகிவிட்ட இடத்தில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு உயரம் அரை மில்லிமீட்டருக்கு மேல் தாவும். அது அப்படியே படிக்கட்டு மாதிரி மரத்தில் விழும். சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்தவரின் விரல் போய்ச் சுற்றும். தவிர, ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் 2018-ல் நிறுத்திவிட்டது. அதன் வாரிசாகக் கார்வ்கோ என்ற பெயரில் வேறொரு நிறுவனம் நடத்துகிறது. கையில் இருக்கும் ஆர்ட்கேமைத் தூக்கி எறிய வேண்டாம். கையின் முனையில் ஒரு தாமரையோ சுருளோ வேண்டுமென்றால் அதற்கு இன்னும் அதுதான் வசதி.

ஏஐ தளம்: ஒரு போட்டோவில் நாற்காலியின் பின்பக்கமும் அடிப்பக்கமும் இல்லை. இல்லாததை அது ஊகித்து நிரப்பித் தருகிறது. வருவது முக்கோணங்களால் ஆன மெஷ், அதில் நேரான தளம் நேராக இருக்காது, இடதும் வலதும் ஒன்றாக இருக்காது, அளவும் இருக்காது. வாடிக்கையாளரிடம் திரையில் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். மரத்தை மேசையில் ஏற்ற அது உதவாது.

இனி விஷயத்துக்கு வருவோம். ரிலீஃப் செய்து பழகியவர்கள் முழு உருவத்துக்கு வரும்போது முடிந்த நாற்காலியின் உருவத்தைக் கணினியில் அழகாக வரைந்துவிட்டு, அப்புறம் அதை எப்படி வெட்டுவது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் மாடல் செய்ய வேண்டியது முடிந்த நாற்காலியை அல்ல. இயந்திரத்தை விட்டு இறங்கும்போது அந்தத் துண்டு எப்படி இருக்க வேண்டுமோ, அதை. இரண்டும் ஒன்றல்ல. இறங்கும் துண்டின் இரு முனையிலும் பிடித்துக்கொள்ள மரம் மிச்சமிருக்கும். மூட்டு வரும் இடம் வளையாமல் தட்டையாக இருக்கும், அதைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சதை இருக்கும். மேற்பரப்பு முழுவதும் உப்புத்தாளுக்காக ஒரு மயிரிழை தடித்திருக்கும். ஆகவே மாடலை மூட்டிலிருந்தும் பிடிமானத்திலிருந்தும் ஆரம்பியுங்கள். வளைவு கடைசியில் வரட்டும். பேட்டர்ன் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்: உருவத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கே பிரியும், எங்கே பிடிக்கும் என்று பார்.

அதற்கும் முன்னால் ஒன்று, மரத்தின் நார். கணினியில் எல்லாத் திசையும் ஒன்றுதான், மரத்தில் அப்படி இல்லை. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த நாற்காலி ஒன்று உண்டு, "தி சேர்" என்றே உலகம் முழுக்கச் சொல்வார்கள். 1960-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்ற கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது போட்டிருந்தது அதுதான். அதன் முதுகும் இரு கைகளும் சேர்ந்து ஒரே அரைவட்டமாகத் தெரியும், ஆவியில் வளைத்தது என்று பலர் நினைப்பார்கள். வளைத்ததில்லை, கட்டி மரத்தில் செதுக்கியது. ஆனால் ஒரே துண்டில் அல்ல, மூன்று துண்டில். ஒரே பலகையில் அரைவட்டம் வெட்டினால் இரு பக்கமும் நார் குறுக்காக ஓடும், அந்த இடத்தில் ஒரு அழுத்தம் போதும், பிஸ்கட் மாதிரி முறியும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் நார் ஏறக்குறைய நீளவாக்கில் கிடக்கும். நடுவில் விரல் கோர்த்த மாதிரி மூட்டு. முதலில் வந்த நாற்காலிகளில் முதுகுப் பகுதியைப் பிரம்பால் சுற்றி மூட்டை மறைத்திருந்தார்கள், பிறகு மூட்டையே வெளியே தெரிய விட்டார்கள். உங்கள் வாடிக்கையாளரின் படத்தில் கை கொக்கி மாதிரி முன்னால் கீழே மடிகிறதென்றால் இதே கேள்வி உங்களுக்கும் வரும். மாடல் கோப்பில் முதல் கோடாக நாரின் திசையை ஒரு அம்புக்குறியாக வரைந்து வையுங்கள். வளைவின் எந்த இடத்திலாவது நார் ஒரு பக்கத்தில் நுழைந்து சின்னத் தூரத்திலேயே மறுபக்கத்தில் வெளியேறினால், அந்த இடத்தைத் தடிமனாக்குங்கள் அல்லது துண்டைப் பிரியுங்கள். மென்பொருள் இதைச் சொல்லித் தராது.

சரி, ஒரு கையை எடுத்துக்கொண்டு போவோம். 500 மி.மீ. நீளம், அகலமான இடத்தில் 80, தடிமன் 40 என்று வைப்போம். முனைகளில் பிடிக்க இடம் விட்டு, கட்டை 600 × 110 × 50. மாடலில் முதலில் இந்தக் கட்டையை ஒரு பெட்டியாக வரையுங்கள். அதற்குள் முன்கால் வந்து சேரும் தட்டையான இடத்தையும் பின்காலில் போய் முட்டும் தட்டையான முகத்தையும் வையுங்கள். இந்த இரண்டு தளங்களுக்கும் இடையிலுள்ள தூரமும் கோணமும்தான் நாற்காலி. மற்றதெல்லாம் அவற்றுக்கு நடுவில் ஓடும் தோல். இதற்குப் பிறகு மேலிருந்து பார்த்தால் கை எப்படி வளைகிறது என்று ஒரு கோடு, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடு. இரண்டையும் சேர்த்தால் முப்பரிமாணத்தில் ஒரே கோடாகிவிடும். ரைனோவில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது, ஃப்யூஷனிலும் வழி உண்டு. இது ஒன்றும் புதிதல்ல. பழைய ஆசாரிகள் கட்டையின் இரண்டு அடுத்தடுத்த முகத்தில் இரண்டு அட்டை வைத்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் அறுத்து, அறுத்த துண்டை மறுபடி ஒட்டவைத்து, திருப்பி அடுத்த பக்கம் அறுப்பார்களே, அதே வேலைதான். அட்டை வைத்து அறுத்துப் பழகியவருக்கு இந்தப் பகுதி ஒரே நாளில் வந்துவிடும்.

இந்தக் கோட்டின்மேல் குறுக்குவெட்டுகளை, அதாவது அந்தந்த இடத்தில் கையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வடிவங்களை, நிற்க வைக்க வேண்டும். இங்கேதான் ஆசை வந்து கெடுக்கும். ஏழெட்டு இடத்தில் குறுக்குவெட்டு போட்டால் வடிவம் நம் பிடியில் இருக்கும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். ஒவ்வொரு குறுக்குவெட்டும் தன் இடத்தில் மேற்பரப்பை லேசாக இழுக்கும், திரையில் தெரியாது, பாலிஷ் ஏறியதும் ஜன்னல் வெளிச்சத்தில் கை முழுக்க மேடு பள்ளமாகத் தெரியும். இரண்டு முனையில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று அல்லது இரண்டு, அது போதும். எல்லாக் குறுக்குவெட்டும் ஒரே எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு (கோட்டை இழுத்து வளைக்கும் பிடிகள்), ஒரே இடத்தில் தொடங்குவதாக இருக்க வேண்டும். ஒன்றை வரைந்து அதையே நகலெடுத்து இழுத்து மற்றவற்றைச் செய்தால் இது தானாக அமையும். பிறகு ஜீப்ரா என்ற பார்வையைப் போட்டுப் பாருங்கள், மேற்பரப்பில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும். பட்டை எங்கே நெளிகிறதோ அங்கே பாலிஷ் போட்டதும் வெளிச்சமும் நெளியும். பட்டை ஒடிந்து திரும்பினால் அங்கே மேற்பரப்பில் ஒரு மடிப்பு முனை இருக்கிறது. வேண்டுமென்று வைத்த முனையா, தெரியாமல் வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்குவெட்டு முறை பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, களிமண் மாதிரி ஒரு பெட்டியை எடுத்து இழுத்துத் தள்ளி உருவாக்குவது. ஃப்யூஷனில் ஃபார்ம் என்ற பகுதி இதற்குத்தான், 2011-ல் ஆட்டோடெஸ்க் வாங்கிய டி-ஸ்ப்ளைன்ஸ் என்ற நுட்பத்திலிருந்து வந்தது. ரைனோவில் ஏழாம் பதிப்பிலிருந்து இதே மாதிரி இழுத்துச் செய்யும் சப்-டி இருக்கிறது. ப்ளெண்டர் என்ற மென்பொருள் அடிப்படையிலேயே அப்படித்தான். நாற்காலிக் கைக்கு எனக்குப் பிடித்த வழியும் இதுதான். விதி ஒன்றுதான்: எவ்வளவு குறைந்த முகங்களோடு ஆரம்பிக்க முடியுமோ அவ்வளவு குறைவாக. நீளவாக்கில் ஆறு, சுற்றிலும் எட்டு, இது ஒரு கைக்குத் தாராளம். முகங்களைக் கூட்டினால் மறுபடி அதே மேடு பள்ளம். ப்ளெண்டரில் உருவம் அழகாக வரும். ஆனால் பிறகு மூட்டைத் துல்லியமாக வெட்ட, அளவு மாற்றி மறுபடி எடுக்க, அங்கே சிரமம். ஆகவே உருவத்தை அதில் செய்து மூட்டை வேறிடத்தில் வெட்டுகிறவர்கள் உண்டு.

மூட்டை ஒருபோதும் உருவத்தோடு சேர்த்து இழுத்துச் செய்யாதீர்கள். உருவத்தைத் திடப்பொருளாக மாற்றிய பிறகு, கழுந்து போகும் துளையைத் தனியாக வரைந்து கழித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் காலின் அளவு மாறினால் துளை மட்டும் மாறும். 10 மி.மீ. அகலத் துளையை 8 மி.மீ. பிட்டில் வெட்டினால் மூலைகளில் 4 மி.மீ. ஆரம் நிற்கும். உளியால் மூலை எடுப்பதா, கழுந்தின் விளிம்பை உருட்டுவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எட்டு நாற்காலிக்கு பதினாறு கை, கைக்கு ஒரு துளை என்றாலே 64 மூலை. கழுந்தையே உருட்டி மாடல் செய்துவிடுவது நல்லது. துளைச் சுவருக்கும் கழுந்துக்கும் நடுவில் பசைக்காக ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. அளவில் விடுகிறேன். உங்கள் இயந்திரத்தின் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்து ஒரு துண்டு மரத்தில் சோதித்து இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டைச் சுற்றிக் கூடுதல் சதை என்று மேலே சொன்னேன். அமெரிக்காவில் சாம் மலூஃப் என்று ஒரு மேசைநாற்காலிக் கலைஞர் இருந்தார், 2009-ல் காலமானார். அவருடைய ஆடும் நாற்காலிகளில் கால் எங்கே முடிந்து கை எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. ரகசியம் வரிசையில்தான் இருக்கிறது. மூட்டைக் கட்டையாக இருக்கும்போதே துல்லியமாக வெட்டிப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு துண்டையும் சேர்த்து ராவி உருட்டுவார். சிஎன்சி இதற்கு நேர் எதிர், பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் உருட்டி முடித்துவிடுகிறது. பிறகு பூட்டும்போது கால் மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே மூட்டுக்கு இரு பக்கமும் ஓர் அங்குலம் வரை 1 முதல் 2 மி.மீ. தடிமனாகவே மாடல் செய்து, வளைவு அதற்குள் மெல்லக் கரைந்து போகிற மாதிரி விடுங்கள். பூட்டியபின் அரத்தால் சேர்த்து ராவிக்கொள்ளலாம். வடிவம் முழுவதையும் இயந்திரமே முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

இனி நீங்கள் பயந்த இடம், இரண்டு பக்கமும் வெட்டுவது. துண்டை மேலிருந்து பார்த்தால் எந்தக் கோட்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் பிரியும் கோடு. வார்ப்பு வேலையில் பார்ட்டிங் லைன் என்போம். மாடலை மேசையில் எப்படிக் கிடத்தினால் இந்தக் கோடு கூடியவரை ஒரே மட்டத்தில் ஓடுகிறதோ, அப்படிக் கிடத்துங்கள். அப்படிக் கிடத்தும்போது வெட்ட வேண்டிய ஆழமும் குறைவாக இருக்க வேண்டும். ஏனென்றால் பிட் வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால் அது வளைவது எட்டு மடங்கு. அடுத்தது, நுனி அரைப் பந்தாக இருக்கும் பந்து முனை பிட். அதன் பக்கவாட்டுத்தான் செங்குத்துச் சுவரைத் தொடும், நுனி தொடாது. 12 மி.மீ. பிட் என்றால் நுனி பிரியும் கோட்டுக்குக் கீழே 6 மி.மீ. இறங்கினால்தான் கோடு வரை சுத்தமாக வெட்டும். நுனி கோட்டை எட்டியதுமே நிறுத்திவிட்டால் இரண்டு பக்கமும் வெட்டி முடித்த பிறகு நடுவில் துண்டைச் சுற்றி ஒரு வரப்பு நிற்கும். ஆகவே டூல்பாத் (பிட் ஓடும் பாதை) எல்லையைத் துண்டின் விளிம்புக்கு வெளியே பிட்டின் ஆரத்துக்கும் சற்று அதிகமாகத் தள்ளி வைத்து, கோட்டுக்குக் கீழே 6 மி.மீ.க்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கவிடுங்கள். அதற்கும் கீழே போகாமல் தடுக்க அந்த மட்டத்தில் ஒரு தட்டையான பாவாடைத் தளத்தை மாடலில் சேர்த்துவிட்டால், பிட் மேசை வரை பாயாது.

திருப்புவதற்கு இரண்டு குச்சி போதும். கட்டையின் இரு முனை மிச்சத்திலும், நடுக்கோட்டில், 8 மி.மீ. துளை போட்டு மேசைப் பலகைக்குள்ளும் இறக்குங்கள். இரண்டும் நடுக்கோட்டிலேயே இருந்தால் நீளவாக்கில் புரட்டும்போது அதே குச்சியில் அதே இடத்தில் உட்காரும். உயரத்துக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பக்கத்துக்குப் பூஜ்யம் மேசைப் பலகையின் மேல்மட்டம். புரட்டியபின் பூஜ்யம் கட்டையின் மேல் முகம். கவனித்தால் இரண்டும் கட்டையின் ஒரே முகம்தான், முதலில் கீழே கிடந்தது இப்போது மேலே வந்திருக்கிறது. இப்படிச் செய்தால் கட்டையின் தடிமன் 50-க்கு பதில் 49.4 என்று இருந்தாலும் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் விலகாது. அடிப்பக்கத்தை, அதாவது கழுந்துத் துளையும் தட்டை முகமும் இருக்கும் பக்கத்தை, முதலில் வெட்டுவேன். கட்டை முழுத் திடமாக இருக்கும்போதே துல்லியம் வேண்டிய வேலை முடிந்துவிடும். புரட்டியபின் நடுவில் துண்டு அந்தரத்தில் நிற்கும், பிட் தொட்டதும் அதிரும். துளையைச் சுற்றியுள்ள தட்டையான இடத்துக்குக் கீழே சரியான உயரத்தில் ஒரு சக்கை வைத்துத் தாங்குங்கள். துண்டை மிச்சக் கட்டையோடு பிடித்துக்கொள்ளும் பாலங்களை நாரின் இரு முனையிலும் வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். பக்கவாட்டுப் பாலத்தை அறுத்த தழும்பைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் இன்னொரு கை வெட்டிவிடலாம்.

கால் வேறு கதை. நேராகவோ ஒரே பக்கம் வளைந்தோ இருந்தால் கையைப் போலவே இரண்டு பக்கமாக முடியும். முழங்கால் வெளியே தள்ளி, கணுக்கால் உள்வாங்கி, பாதம் மறுபடி வெளியே வரும் பழைய பாணிக் கால் என்றால், வளைவு கட்டையின் மூலைவிட்டத்தில் ஓடுகிறது. தட்டையாகக் கிடத்தினால் பிரியும் கோடு பாம்பு மாதிரி ஏறி இறங்கும். அதற்கு நேராக ரோட்டரிக்குப் போய்விடுங்கள். அங்கே பார்க்க வேண்டியது ஒன்று: சுற்றும் அச்சு காலின் மரத்துக்குள்ளேயே கடைசி வரை ஓடுகிறதா. கணுக்கால் அவ்வளவு உள்வாங்கி அச்சு மரத்துக்கு வெளியே போய்விட்டால், ரிலீஃபைச் சுற்றி ஒட்டும் சாதாரண டூல்பாத்தில் அந்த உருவத்தையே சொல்ல முடியாது. அச்சை நகர்த்திப் பாருங்கள், முடியாவிட்டால் வளைவைக் கொஞ்சம் அடக்குங்கள்.

அளவுக் கணக்கு இரண்டு சொல்கிறேன், இரண்டுக்கும் ஒரே சூத்திரம். பந்து முனை விட்டுச் செல்லும் வரியின் உயரம் என்பது ஸ்டெப்ஓவரின் (அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்துக்கு நடுவிலுள்ள தூரம்) வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தது. 6 மி.மீ. பிட்டில் 0.6 ஸ்டெப்ஓவர் வைத்தால் 0.015 மி.மீ. வரி. அதே 0.015 உயரம் 12 மி.மீ. பிட்டில் 0.85 ஸ்டெப்ஓவரிலேயே கிடைக்கும், நேரம் கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சம். ஆனால் அதற்கு உங்கள் மாடலில் எந்த உள்வளைவும் 6 மி.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது. நான் 7-க்குக் கீழே விடுவதில்லை. வரைகிற நேரத்திலேயே பிட்டைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது இதனால்தான். மேற்பரப்பை முக்கோணங்களாக்கும் எஸ்டிஎல் கோப்பாக மாற்றும்போதும் இதே கணக்கு. 200 மி.மீ. ஆரமுள்ள மெல்லிய வளைவில் முக்கோணத்தின் பக்கம் 10 மி.மீ. என்றால் நேர்க்கோட்டுக்கும் உண்மையான வளைவுக்கும் 0.06 மி.மீ. வித்தியாசம். சின்னதாகத் தோன்றும், பாலிஷில் பட்டை பட்டையாகத் தெரியும். 0.01 சகிப்பளவு கொடுத்தால் பக்கம் 4 மி.மீ. ஆகிவிடும், கோப்பு பெரிதானாலும் பரவாயில்லை. டூல்பாத் போடும் கேம் மென்பொருள் மேற்பரப்பை நேரடியாக வாசிக்குமென்றால் எஸ்டிஎல்லே வேண்டாம்.

மரத்தை ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) முடித்து 2, 3 மி.மீ. மிச்சம் விட்டு, கழற்றிச் சில நாள் அடுக்கி வையுங்கள். உள்ளே இருந்த இழுவிசை விடுபட்டு வளைய வேண்டியது இப்போதே வளைந்துவிடும், அப்புறம் பினிஷிங். ஆனால் குச்சித் துளை அந்த வளைவோடு நகர்ந்திருக்கும், ஒரு முகத்தை மறுபடி தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் சேர்த்து அந்த மிச்சம். தேக்கு நல்ல பிள்ளை, குறைவாகத்தான் அசையும். பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும் வரை ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம், வளையத்துக்குக் குறுக்கே 2.5 சதவீதம் சுருங்கும். ஈரப்பதம் 4 சதவீதம் மாறினாலே 90 மி.மீ. அகலத்தில் முதல் திசையில் முக்கால் மில்லிமீட்டர் போய்விடும். மாடலில் 0.1 என்று துல்லியம் பார்த்துவிட்டு ஈரப்பதம் பார்க்காமல் மரம் ஏற்றுவதில் அர்த்தமில்லை. தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட்டின் கூர் சீக்கிரம் போகும், பினிஷிங் பிட்டைத் தனியாக வையுங்கள்.

பினிஷிங் வரிகள் நீளவாக்கில், நாரோடு போகட்டும். குறுக்கே போனால் வரி சின்னதாக இருந்தாலும் உப்புத்தாளுக்கு அடங்காது. உள்வளைவில் நார் பிய்யுமா என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஒரே மரத்தில் ஒரு பலகை அடங்கும், அடுத்த பலகை பிய்யும். உப்புத்தாளுக்கு நான் 0.3 மி.மீ. விடுகிறேன், உங்கள் ஆட்கள் கையில் அது அதிகமாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

உங்கள் பட்டறையில் கை நல்ல ஒரு செதுக்குகிறவர் இருந்தால் இன்னொரு பாதை உண்டு, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அவரை ஒரு கையைச் செதுக்கச் சொல்லி, வாடிக்கையாளரைத் தொட்டுப் பார்க்க வைத்து, பிறகு ஸ்கேன் எடுங்கள். ஸ்கேன் மெஷ்ஷை அப்படியே வெட்டாமல், ரைனோவின் குவாட் ரீமெஷ் போன்ற ஒன்றால் குறைந்த முகங்களாக்கி அதன்மேல் சப்-டி ஏற்றினால் உளித்தழும்பு போய் உருவம் மட்டும் நிற்கும். மூட்டையும் தட்டை முகங்களையும் ஸ்கேனிலிருந்து எடுக்காதீர்கள், புதிதாக வரைந்து கழியுங்கள். இடது கைக்கு மாடலைக் கண்ணாடிப் பிம்பமாக்கினால் போதும். கட்டையை எடுக்கும்போது நாரும் அதே மாதிரி எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக மென்பொருள். பட்டறைக்கு ஒன்று வாங்குவதென்றால் நான் ரைனோ சொல்வேன். வருடச் சந்தா இல்லை, ஒரே முறை வாங்குவது, இந்த மாதிரி மேற்பரப்பு வேலைக்கென்றே இருக்கிறது. கேம் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஃப்யூஷனில் உருவம், மூட்டு, டூல்பாத் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் இலவசப் பதிப்பு வியாபாரத்துக்கு அல்ல, அதில் வெட்டாமல் நகரும்போதும் பிட் வெட்டும் வேகத்திலேயே ஊர்ந்து போகும். ஒரு மாதம் அதில் பழகிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம். எதில் செய்தாலும் முதல் கையை எம்டிஎஃபில் வெட்டிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அதில் நாரே கிடையாது. மலைவேம்பு மாதிரி விலை குறைந்த கட்டி மரத்தில் ஒரு கையும் ஒரு காலும் வெட்டிப் பூட்டி, வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தேக்குக்கு அளவு கொடுங்கள்.